மலையின் குணமா, வண்டியின் குறையா? 2008–2013 ஹோண்டா சிட்டிக்கு நீலகிரியில் பிழை நீக்கும் வழிமுறை

மேட்டுப்பாளையம் வரை சுறுசுறுப்பாக ஓடிய சிட்டி, குன்னூர் தாண்டியதும் மூச்சு வாங்குகிறது. ஊட்டியில் காலையில் வெள்ளைப் புகை விடுகிறது. பிரேக் பெடல் சமவெளியில் இருந்ததைவிடக் கட்டையாக இருக்கிறது. மூன்றும் பல நேரம் மலையின் குணம், பழுது இல்லை. ஆனால் இதே மூன்று அறிகுறிகளுக்குள் உண்மையான பழுதும் ஒளிந்திருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் பாகம் பாகமாக மாற்றிப் பணத்தை விடுபவர்களும் உண்டு. "மலைன்னா அப்படித்தான்" என்று விட்டுவிட்டு, ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் செங்குத்தான கல்லட்டி இறக்கத்தில் பிரேக் இல்லாமல் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. இந்தக் குறிப்பு இருவருக்கும்.

எந்த வண்டி என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 2008 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்து, 2011 கடைசியில் முகப்பு மாற்றம் பெற்று, 2014 ஜனவரியில் அடுத்த மாடலுக்கு வழிவிட்ட சிட்டி இது. இந்தியக் கணக்கில் மூன்றாம் தலைமுறை. உலகக் கணக்கில் ஐந்தாவது. 1,497 சிசி ஐ-விடெக் பெட்ரோல் இன்ஜின், 16 வால்வு, டைமிங் செயின். 6,600 சுழற்சியில் 118 குதிரைத்திறன், 4,800 சுழற்சியில் 146 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இந்தத் தலைமுறையில் டீசல் கிடையாது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஸ்டீயரிங் மின்சார உதவியோடு திரும்பும். ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் இல்லை, எல்லாம் மின் சைகைதான். டாஷ்போர்டில் வெப்பமானி முள் இல்லை. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றுமில்லை. மலையில் ஓட்டுபவருக்கு இந்தக் கடைசி விஷயம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஏற்றத்தில் இழுவை இல்லை

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 77 சதவீதம் பக்கம்தான். டர்போ இல்லாத இன்ஜின் காற்றைத் தானாக இழுத்துக்கொள்வது. காற்று கால் பங்கு குறைந்தால் திறனும் ஏறக்குறைய அதே அளவு குறையும். காகிதத்தில் 118 குதிரைத்திறன் உள்ள வண்டி ஊட்டி சேரிங் கிராஸில் 90 பக்கம்தான் தரும். இதை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு மலைக்கென்று ஜெட் மாற்றி ட்யூனிங் செய்வார்கள். இந்த இன்ஜினில் உள்ளே வரும் காற்றை அளந்து, அதற்கேற்பப் பெட்ரோலைக் கணினியே குறைத்துக்கொள்கிறது. "உயரத்துக்கு ட்யூன் பண்ணித் தரேன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு காரணம் இந்தத் தலைமுறையின் சுபாவம். இதற்கு முன்பு 2003-ல் வந்த ஐ-டிஎஸ்ஐ சிட்டிக்கு 77 குதிரைத்திறன்தான். ஆனால் அதன் 128 நியூட்டன் மீட்டரும் 2,700 சுழற்சியிலேயே கைக்கு வந்துவிடும். மூன்றாம் கியரில் மெதுவாக உருட்டிக்கொண்டே பர்லியாறு ஏறலாம். 2008 வண்டி அப்படிப்பட்டதில்லை. அதன் பலம் 4,000-க்கு மேல் இருக்கிறது. பழைய பழக்கத்தில் மூன்றாம் கியரில் 1,800 சுழற்சியில் அழுத்தினால் வண்டி முனகும், நகராது. கல்லாறிலிருந்து தொடங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியர், 3,000 முதல் 4,500 சுழற்சி; உள்பக்க வளைவில் வேகம் செத்துவிட்டால் தயங்காமல் முதல் கியர். சத்தம் கூடுதலாகக் கேட்கும். அதற்காக இன்ஜின் கெடாது. கீழ் சுழற்சியில் திணறவைத்தால்தான் தேயும்.

இப்போது சோதனை. காரமடை பக்கம் சமதளச் சாலையில், இன்ஜின் சூடான பிறகு, இரண்டாம் கியரில் 2,000-லிருந்து 5,000 வரை முழுதாக அழுத்திப் பாருங்கள். தடையில்லாமல் ஏறினால் வண்டி நன்றாக இருக்கிறது. மேலே குறைவது மலையின் கணக்கு. கீழேயே திணறினால் கீழ்க்கண்ட வரிசையில் தேடுங்கள். செலவில்லாதது முதலில் வருகிறது.

பத்து கிலோமீட்டர் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு வீல்களின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் உராய்ந்துகொண்டே வருகிறது. மழைக்கால ஈரத்தில் காலிப்பர் பின்கள் துருப்பிடித்து இறுகுவது இங்கே சகஜம். அடுத்து ஏர் ஃபில்டர். அதன் பிறகு கிளட்ச் நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். முறை கீழே தனியாக இருக்கிறது. இவை சரி என்றால் டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கணினி பதிவு செய்த பழுதைப் படிக்கும் இணைப்பு) ரீடரைப் போட்டுப் பழுதின் குறிப்பெண் பாருங்கள். பி0301 முதல் பி0304 வரை வந்தால் அந்தந்த சிலிண்டரில் மிஸ்ஸிங். ஒவ்வொரு ஸ்பார்க் ப்ளக்குக்கும் தனிக் காயில் இருப்பதால் சோதிப்பது எளிது: சாவியை அணைத்து, 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, ஒன்றாம் சிலிண்டரின் காயிலை மூன்றுக்கும் மூன்றின் காயிலை ஒன்றுக்கும் மாற்றிப் போடுங்கள். குறிப்பெண் பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் பி0301 ஆகவே நின்றால் ப்ளக், இன்ஜெக்டர், வால்வு என்று போக வேண்டும். ப்ளக்குக்கு 16 மி.மீ. சாக்கெட். இரிடியம் ப்ளக்கின் முனையை வளைத்து இடைவெளி சரிசெய்யும் பழக்கம் கூடவே கூடாது, மெல்லிய முனை உடைந்துவிடும்.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேரலாம். மினுக்கினால் அழுத்தி ஏறாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும்.

இழுக்கும்போது இன்ஜினுக்குள் சில்லறை குலுக்குவது போன்ற நாக்கிங் சத்தம் கேட்டால், எங்கே கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். கல்லாறு அடிவாரத்தில், மே மாத வெயிலில், தவறான கியரில் கேட்டால் கியரைக் குறைத்தாலே போய்விடும். குன்னூருக்கு மேலே கேட்பது கவலைப்பட வேண்டியது. மெல்லிய காற்றில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால் நாக்கிங் குறையத்தான் வேண்டும். அங்கேயும் வந்தால் கார்பன் படிவு, தவறான ப்ளக், அதிக வெப்பம் ஆகியவற்றைத் தேடுங்கள்.

சிவப்பு விளக்கு எரிகிறது

முள் இல்லாததால் இந்த வண்டி முன்கூட்டி எச்சரிக்காது. விளக்கு சிவந்தால் ஏற்கெனவே தாமதம். ஆகவே மலைக்கு அடிக்கடி போகும் சிட்டியில் ஒரு ப்ளூடூத் ஓபிடி ரீடர் நிரந்தரமாக இருப்பது நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. கூலன்ட் வெப்பம் 90-ஐ ஒட்டி ஏறி இறங்கிக்கொண்டிருப்பது சாதாரணம். சீசன் நெரிசலில், ஏசி போட்டு, பர்லியாறு ஏற்றத்தில் 100 பக்கம் போய்த் திரும்பினாலும் பதற வேண்டாம். 105 தாண்டினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை உச்சத்தில் திருப்புங்கள். ஹீட்டர் இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்யும். உள்ளே வேகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியும் சிவப்பு வந்துவிட்டால் வளைவில் நிற்காமல் அடுத்த அகலமான இடத்தில் ஒதுக்குங்கள். ஆவி வரவில்லை, ஃபேன் ஓடுகிறது என்றால் ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விடலாம். ஆவி வந்தாலோ ஃபேன் ஓடாவிட்டாலோ உடனே அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை முக்கால் மணி நேரத்துக்குத் தொடக் கூடாது. மலையில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு: ஊட்டி உயரத்தில் திறந்த தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதிக்கும். கீழே "கொதிக்கவில்லை, சூடுதான்" என்று இருக்கும் கூலன்ட், இங்கே மூடியைத் திறந்ததும் முகத்தில் பாயும்.

அந்த மூடிதான் பல நேரம் காரணமும்கூட. அது வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1.1 பார் கூடுதல் அழுத்தத்தை உள்ளே பிடித்துவைத்து கொதிநிலையை உயர்த்துகிறது. ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காமல் போனால் சமவெளியில் அது தெரியாமலே ஓடும். மலையில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு என்பதால் முதல் ஏற்றத்திலேயே காட்டிக்கொடுக்கும். அடையாளம்: ரிசர்வ் டேங்க் பொங்கி வழிகிறது, ஆறிய பிறகு ரேடியேட்டர் குறைந்திருக்கிறது. ஆறியதும் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொண்டால், கூலன்ட்டைத் திரும்ப இழுக்கும் வால்வு அடைத்துவிட்டது. இரண்டுக்கும் புது மூடி போதும். விலை குறைவு, ஆனால் அசலையே வாங்குங்கள்.

மூடி நன்றாக இருந்தால்: ஏசியைப் போட்டதும் ரேடியேட்டர் ஃபேன், கண்டென்சர் ஃபேன் இரண்டும் சுற்ற வேண்டும். ஒன்று நின்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். இரண்டும் சுற்றியும் சூடேறினால் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அடைத்த ரேடியேட்டர். கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, கசிவு வெளியே தெரியவில்லை, ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழி வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் அடைக்கும் தகடு) போய்விட்டது. அந்த நிலையில் ஏற்றம் ஏற நினைக்காமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

இந்த வண்டிக்கு நீல நிறக் கூலன்ட், பாதிக்குப் பாதி கலந்தே வருவது. பச்சையைக் கலக்காதீர்கள். வழியில் அவசரத்துக்குச் சுத்தமான தண்ணீர் ஊற்றலாம். வீட்டுக்கு வந்ததும் முழுதும் வடித்து மாற்றிவிட வேண்டும். நிரப்பும்போது காற்று அடைபடாமல் இருக்க, வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். ரேடியேட்டரின் வாய் உயரத்துக்கு வந்துவிடும். சமவெளியில் ஜாக்கி போட்டுச் செய்வதை இங்கே தெருவே செய்துதரும். ஹீட்டரை முழுதும் திறந்துவைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை ஐட்லிங்கில் விட்டு, அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள்.

கிளட்ச் கருகல் வாடை

வாகன நெரிசலில் மேட்டில் அரைக் கிளட்ச்சில் நிற்பதால் வருவது. இந்த வண்டியில் ஏற்றத்தில் பின்வாங்காமல் பிடிக்கும் வசதி இல்லை. நிற்கும்போதெல்லாம் ஹேண்ட் பிரேக். புறப்படும்போது கிளட்ச் பிடிக்கத் தொடங்கி மூக்கு லேசாகத் தூக்கியதும் ஹேண்ட் பிரேக்கை விடுவது. இதைப் பழகினால் கிளட்ச்சின் ஆயுள் கணிசமாகக் கூடும். ஒருமுறை வாடை வந்ததற்காக மாற்ற வேண்டியதில்லை. பத்து நிமிடம் ஆறவிட்டு, பிறகு சமதளத்தில் நான்காம் கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக அழுத்துங்கள். சுழற்சி முள் மட்டும் தாவி, வேகம் அதோடு ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. மாற்றும்போது டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே போடுங்கள். கியர்பாக்ஸை இறக்கும் கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டாம்.

இறக்கத்தில் பிரேக்

இங்கே அறிகுறியைச் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். "பிரேக் பிடிக்கல" என்ற ஒரே வார்த்தைக்குள் நான்கு வேறு பழுதுகள் இருக்கின்றன.

பெடல் கட்டையாக இருக்கிறது, ஆனால் நன்றாக மிதித்தால் வண்டி நிற்கிறது: இது பூஸ்டர் சம்பந்தப்பட்டது. பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் காலுக்கு உதவுகிறது. மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் உதவியும் குறையும். இயல்பா பழுதா என்று அறிய, இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள், கட்டையாகிவிடும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக உள்ளே இறங்கினால் பூஸ்டர் நலம். இறங்காவிட்டால் வேக்யூம் ஹோஸ், ஒருவழி வால்வு, கடைசியாக பூஸ்டர்.

பெடல் கடினமாக இருக்கிறது, மிதித்தாலும் வண்டி நிற்க மறுக்கிறது, கருகல் வாடை வருகிறது: பேட் சூடேறிப் பிடிமானம் இழந்துவிட்டது.

பெடல் பஞ்சு போல இறங்குகிறது, பம்ப் செய்தால் கொஞ்சம் மேலே வருகிறது: பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழி உண்டாகிவிட்டது. நான்கில் இதுதான் உயிருக்கு ஆபத்தானது. பிரேக் ஆயில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் டேங்க் மூடி வழியாகவும் மெல்ல மெல்ல ஈரம் உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் 140. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறியபின் 155. நிறம் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பது சமவெளிக் கணக்கு. நீலகிரியில் ஓடும் வண்டிக்கு இரண்டு வருடம், டாட் 4. அரை லிட்டர் டப்பா இரண்டு வாங்கிவையுங்கள். நான்கு வீலிலும் பழைய ஆயில் போய்த் தெளிவாக வரும் வரை வடிக்கத் தாராளமாகப் போதும். திறந்துவைத்த பழைய டப்பாவில் மீந்ததை ஊற்றக் கூடாது.

பெடலும் ஸ்டீயரிங்கும் அதிர்கின்றன: டிஸ்க் சமனாக இல்லை. சூடான டிஸ்க் மேல் தண்ணீர் அடிப்பது ஒரு காரணம். வீல் நட்டைத் தாறுமாறாக முறுக்குவது இன்னொன்று. 19 மி.மீ. சாக்கெட், குறுக்கு வரிசை, 108 நியூட்டன் மீட்டர். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போகும் என்றால் லேத்தில் கொடுக்காமல் மாற்றிவிடுங்கள். பேட்டின் கடைசி எல்லை 1.6 மி.மீ., டிரம் லைனிங்குக்கு 2 மி.மீ. மலையில் பேட்டை 3 மி.மீ.-லேயே மாற்றிவிடுவது நல்லது, மெல்லிய பேட் சூட்டை நேராக ஆயிலுக்குக் கடத்தும்.

பெடல் பஞ்சாகிவிட்டால் வழியில் செய்ய வேண்டியது: வேகமாகப் பம்ப் செய்துகொண்டே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், மூன்று, இரண்டு, ஒன்று. ஹேண்ட் பிரேக்கை பட்டனை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். நிறுத்தியபின் கியரில் விட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரை மணி நேரம் தானாக ஆற வேண்டும். பெடல் பழைய நிலைக்கு வந்தாலும் அந்த ஆயிலை நம்பி அடுத்த இறக்கம் போகாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்று: நியூட்ரல். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். இந்த வண்டியில் அந்தக் கணக்கே தலைகீழ். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் முழுதாக மூடிக்கொள்ளும், ஒரு சொட்டுப் பெட்ரோல் போகாது. நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் செலவாகிறது. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இந்த வண்டிக்கு அப்படியே பொருந்தும். தலைகுந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இரண்டாம் கியருக்கு மேல் தேவையே இல்லை, செங்குத்தான இடங்களில் முதல் கியர். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். இந்தச் சாலையில் வெளி மாவட்ட வண்டிகள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு வைக்கக் காரணமே அடுத்தடுத்து நடந்த விபத்துகள்தான். கூடலூர் வழி சுற்று என்றாலும் நடுவட்டம் வழியாகவே இறங்குங்கள்.

ஹேண்ட் பிரேக் எட்டு, ஒன்பது கிளிக் தாண்டியும் மேட்டில் பிடிக்கவில்லை என்றால் உடனே கேபிளை முறுக்காதீர்கள். முதலில் டிரம்மைக் கழற்றி லைனிங்கையும் தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பையும் பாருங்கள். அது துருப்பிடித்து நின்றிருந்தால் கேபிளை முறுக்குவது நோயை மறைப்பதுதான். மழையில் நனைந்த வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக் போடாமல் முதல் கியரும் இரண்டு கட்டைகளும் வைத்து நிறுத்துங்கள். லைனிங் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளாது. இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் முன் சக்கரத்தை ஓரக்கல் பக்கமும், ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினால் எதிர்ப்பக்கமும் திருப்பிவைக்க மறக்க வேண்டாம்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, புகை, நீல விளக்கு

மார்கழி, தை மாதங்களில் ஊட்டிப் பள்ளங்களில் உறைபனி விழும். குளிரில் பேட்டரியின் பலம் குறையும், ஆயிலும் கெட்டியாகும். இந்த வண்டியின் 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு மூன்று வயது தாண்டிவிட்டால் முதல் உறைபனியிலேயே தெரிந்துவிடும். இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும்.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஹோண்டா மின்சுமை குறைவாக இருக்கும்போது சார்ஜிங்கைத் தானே தளர்த்திக்கொள்ளும், மீட்டரில் 12.5 பக்கம் காட்டும். இதைப் பார்த்து ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று கழற்றிவிடுகிறார்கள். ஹெட்லைட், புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் மூன்றையும் போட்டுவிட்டு அளவெடுங்கள். 13.8-லிருந்து 14.5-க்குள் வந்தால் ஆல்டர்னேட்டரில் குறையில்லை. வோல்ட் இறங்கினால் ஸ்டீயரிங் விளக்கும் எரியும், ஸ்டீயரிங் கனக்கும். ஆகவே இ.பி.எஸ். (மின்சார ஸ்டீயரிங்) விளக்குக்குப் பேட்டரியில் தேடத் தொடங்குங்கள், ஸ்டீயரிங் மோட்டாரில் இல்லை.

நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் சாவி போட்டதும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி பம்ப் முனகல் கேட்கிறதா என்று காது கொடுங்கள். டாஷ்போர்டில் பச்சைச் சாவி விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை. மாற்றுச் சாவியில் முயலுங்கள்.

நீல விளக்கு ஊட்டிக் காலையில் சில நிமிடம் எரிவது இயல்பு. நின்ற இடத்தில் உறுமவிட வேண்டாம், அரை நிமிடம் விட்டு மெதுவாக ஓட்டுங்கள், விளக்கு அணையும் வரை 3,000 தாண்டாதீர்கள். கால் மணி நேரம் ஓட்டியும் அணையாமல் இருந்தாலோ, கோத்தகிரி இறக்கத்தில் அணைந்த விளக்கு மறுபடி எரிந்தாலோ, தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஹீட்டர் வெதுவெதுப்பாகவே இருக்கும், மைலேஜும் விழும்.

வெள்ளைப் புகை சைலன்சர் சூடானதும் நின்றால் அது நீராவி. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெண்ணெய் போல மஞ்சள்-வெள்ளைப் பூச்சு இருக்கிறது என்று பதறுவார்கள். சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் வண்டிகளில், இன்ஜின் முழுதாகச் சூடேறாததால் உள்ளே சேரும் ஈரம் ஆயிலோடு கலந்து மூடியில் படிவது அது. டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருக்கிறதா, கூலன்ட் குறையாமல் இருக்கிறதா? இரண்டும் ஆம் என்றால் துடைத்துவிட்டு, வாரம் ஒருமுறை குன்னூர் வரையாவது ஓட்டி வாருங்கள். டிப்ஸ்டிக்கிலும் அதே வெண்ணெய் என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். இப்படிக் குறுகிய ஓட்டம் ஓடும் வண்டிக்கு 10,000 கி.மீ. காத்திருக்காமல் 5,000 அல்லது ஆறு மாதத்தில் ஆயில் மாற்றுவது நல்லது. 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30, ஃபில்டரோடு 3.6 லிட்டர். 17 மி.மீ. ஸ்பேனர், புது வாஷர், 39 நியூட்டன் மீட்டர்.

ஐட்லிங் ஆட்டம், அதிர்வு, டிக் டிக் சத்தம்

ஐட்லிங்கில் சுழற்சி முள் ஏறி இறங்கினால் த்ராட்டில் பாடியில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கார்பன். கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், தகட்டை விரலால் பலமாகத் தள்ளாதீர்கள். அதன்பின் கணினிக்கு ஐட்லிங்கைக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஏசி, லைட் எல்லாம் அணைத்து, சாவியை இரண்டு விநாடி ஆனில் வைத்துப் பிறகு ஸ்டார்ட் செய்து, 3,000 சுழற்சியில் ஃபேன் ஓடும் வரை பிடித்து, பிறகு ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் ஐட்லிங்கில் விடுங்கள். பேட்டரி கழற்றி மாட்டிய பிறகும் இதே முறைதான்.

ஐட்லிங் நிலையாக இருந்தும் ஏசி போட்டதும் சீட் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்ட், பெரும்பாலும் டைமிங் செயின் பக்கத்தில் இருப்பது.

டாப்பெட் சத்தத்துக்கு வால்வு இடைவெளியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும்: உள்வால்வு 0.15–0.19 மி.மீ., வெளிவால்வு 0.26–0.30 மி.மீ. சத்தம் போடும் வால்வைவிடச் சத்தமே இல்லாமல் இறுகிப்போன வெளிவால்வுதான் கெடுதல். சரியாக மூடாமல் எரிந்துபோகும். இன்ஜெக்டரின் மெல்லிய டிக் டிக் இயல்பானது, அதைத் துரத்த வேண்டாம்.

கண்ணாடி மூட்டம்

குளிர்கிறது என்று ஏசியை அணைத்து, வெளிக்காற்றையும் மூடிவிடுவதால்தான் இது. ஏசி காற்றின் ஈரத்தை எடுப்பதற்கும்தான். வெளிக்காற்றைத் திறந்து, ஏசி ஆனில், வெப்பக் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பி, கண்ணாடிக்கு அனுப்புங்கள். அப்படியும் மூட்டம் வந்தால் கால்மிதி நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். வைப்பருக்கு அடியில் உள்ள வடிகாலில் யூகலிப்டஸ் இலையும் சைப்ரஸ் ஊசியும் அடைத்தால் மழைநீர் உள்ளே இறங்கும். மழைக்கு முன்பு ஒருமுறை கையால் அள்ளிச் சுத்தம் செய்தால் போதும். ஹீட்டர் போட்டதும் இனிப்பு வாடையோடு கண்ணாடியில் பிசுபிசுப்பு வந்தால் அது தண்ணீர் இல்லை, ஹீட்டர் கோர் கசிகிறது.

டயர், அடிப்பக்கம்

ஊட்டிக்குப் போனதும் டயர் காற்றைக் குறைக்க வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் வரும். உயரத்தால் மீட்டர் அளவு சுமார் 3 பிஎஸ்ஐ கூடும். 33 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு வந்த குளிரால் அதே 3 குறையும். கணக்கு நேர். கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர் சொல்லும் அளவை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். பெட்ரோல் மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று வருவதும் இதே அழுத்த வேறுபாடுதான்.

முன் டயரின் வெளித்தோள் தேய்வது கொண்டை ஊசி வளைவுகளின் வேலை, 8,000 கி.மீ.-க்கு ஒருமுறை முன்பின் மாற்றுங்கள். உள்பக்கம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட். மெதுவான வேகத்தில் குண்டு குழியில் 'டக் டக்' என்றால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க், அடுத்து லோயர் ஆர்ம் புஷ். தரை இடைவெளி சுமார் 160 மி.மீ.-தான். ஐந்து பேரும் சாமான்களும் ஏறினால் எஸ்டேட் சாலையின் நடு மேட்டில் வயிறு தட்டும். அப்படித் தட்டிய அன்றே ஆயில் சம்ப்பையும் சைலன்சர் இணைப்பையும் குனிந்து பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டி

ஐந்து கியர், ஸ்டீயரிங்கில் பேடில் உண்டு. இறக்கத்தில் டி-யிலேயே விட்டாலும் சரிவை உணர்ந்து ஓரளவு கியரைப் பிடித்துவைக்கும், ஆனால் கல்லட்டிக்கு அது போதாது. எஸ்-ல் போட்டு இடது பேடிலால் இரண்டுக்குக் கொண்டுவாருங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் கியர்பாக்ஸ் ஆயிலைக் கருக்கும், பிரேக்கில் நில்லுங்கள். ஆயில் ஹோண்டாவின் டிடபிள்யூ-1 மட்டும்.

பழைய வண்டி வாங்கியிருந்தால்

இந்த ஆண்டுகளின் சிட்டிகள் டகாட்டா ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் மாற்றத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டவற்றில் அடங்கும். பழைய இன்ஃப்ளேட்டர் வெடித்தால் உலோகத் துண்டுகளை ஓட்டுநர் மேல் வீசக்கூடியது. சேசிஸ் எண்ணின் 17 எழுத்துகளையும் ஹோண்டாவின் இந்திய இணையதளத்தில் கொடுத்தால் உங்கள் வண்டிக்கு மாற்றம் பாக்கி இருக்கிறதா என்று தெரியும். பாக்கி இருந்தால் மாற்றித் தருவதற்குக் கட்டணம் இல்லை. கை மாறிக் கை மாறி மலைக்கு வந்த வண்டிகளில் இது விடுபட்டுப்போக வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன எந்தச் சோதனைக்கும் முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.